இரண்டு சைக்கிளும் ஒரு பலாப்பழமும்

கோயம்புத்தூரில் குடியிருப்பவர்களுக்கு விடுமுறை என்றால் ஊட்டி. ஊட்டியில் ஜாகை கிடைக்கவில்லையென்றால் வால்பாறை. அதுவும் அகப்படாவிட்டால், வீட்டிலேயே இருந்துகொண்டு, ஊட்டிக்குப் போனவர்கள் மலைப்பாதை நெரிசலில் தவித்த செய்தியைப் பத்திரிகையில் படித்து ஆறுதல் அடைய வேண்டியதுதான். ஆகையால், "இந்தத் தடவை நாங்கள் ஆலாந்துறைப் பக்கம் போகிறோம், இருவரும் சைக்கிளில் போகிறோம், கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம்" என்று நாங்கள் அறிவித்தபோது, எதிர்வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கார் ரிப்பேருங்களா?" என்று மிகுந்த அனுதாபத்துடன் விசாரித்தார்.

கார் சௌக்கியமாகவே இருந்தது. காரணம் வேறு. நாங்கள் தினந்தோறும் உக்கடத்துக்கு அப்பால் ஆத்துப்பாலத்தைக் கடக்கிறோம். கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். பாலத்தின் கீழே கறுத்துத் தேங்கி நிற்பதன் பெயர் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் வழியாகக் கோவைக்கு வந்து, திருப்பூரையும் கடந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்ற ஊரின் அருகே காவேரியில் கலக்கிற நதி இது. பேரூர்த் தலபுராணத்தில் இதற்குக் காஞ்சிமாநதி என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக மூக்கைப் பொத்தியே பழகிப்போன நதியை ஒரு தடவையாவது மூக்கைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றிவிட்டது. எவருக்குத் தோன்றியது என்பதில் இன்று வரையில் வீட்டில் அபிப்பிராய பேதம் உண்டு. நன்றாக முடிந்த யோசனை என்றால் இருவருமே உரிமை கொண்டாடுவோம். இந்த யோசனை எப்படி முடிந்தது என்பதை வாசகர்கள் பின்னால் பார்க்கப் போகிறார்கள்.

ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் புறப்பட்டோம். ஆனி மாதத்தில் கோவையிலிருந்து மேற்கே சைக்கிள் விடுவது எப்படிப்பட்ட காரியம் என்று அதுவரையில் எங்களுக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர். அந்தச் சுவரில் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் முட்டி மழையைக் கொட்டுகிறது. இங்கே மட்டும் கதவைத் திறந்த வீட்டில் நுழைகிற மாதிரி நுழைந்து கொங்குநாடு முழுவதும் அடிக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது பூகோள பாடம். சைக்கிளில் போகிறவர்களுக்கோ, நெஞ்சில் கையை வைத்துப் பின்னால் தள்ளுகிற ஒரு முரட்டு ஆள்.

இதே வாசல் வழியாகத்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மேல்கடற்கரையிலிருந்து ரோமாபுரி நாணயங்கள் வந்தன. கோவைக்கு அடுத்த வெள்ளலூரில் 1842-லும், மறுபடி 1891-லும், மண்ணுக்குள்ளிருந்து குவியல் குவியலாக அவை கிடைத்திருக்கின்றன. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலைப்பாறை ஒன்றில் 'இராசகேசரிப் பெருவழி' என்று அந்தச் சாலைக்குச் சோழ அரசன் பெயரிட்ட கல்வெட்டு இன்றும் இருக்கிறது. மேற்கேயிருந்து சரக்கு ஏற்றி வந்த வணிகர்களுக்கு இந்தக் காற்று முதுகுப் பக்கம் வீசியிருக்கும். எங்களுக்கு முகத்தில் வீசிற்று. பேரூர் வரையில் 6 கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு முறை இறங்கி இளைப்பாறினோம். பட்டீசுவரரைக் கோபுரத்தின் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, மாதம்பட்டியில் தேநீர் அருந்தி, ஆலாந்துறையைத் தாண்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது.

கூடாரத்தைக் காட்டுக்குள் அடிக்க முடியாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீப்பிடித்து, நடைப்பயணம் சென்ற 23 பேர் மாண்டார்கள். அதன் பிறகு கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. ஆகவே நாங்கள் காட்டின் ஓரத்தில், எங்களில் ஒருவருடைய பள்ளித் தோழியின் தாய்வழிப் பாட்டனார் தோட்டத்தில் இடம் கேட்டிருந்தோம். தோழிக்கு அவர் அப்பச்சி, அவர் மனைவி அம்மிச்சி. ஆகையால் எங்களுக்கும் அப்படியே.

அப்பச்சிக்கு எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. தென்னை, பாக்கு, கொஞ்சம் சின்ன வெங்காயம், மலையைப் பார்த்த பக்கத்தில் நானூறு நேந்திரன் வாழை. வாழைத்தார்கள் முக்கால் பருவத்தில் இருந்தன. "ஆவணியில் ஓணம் வருதில்லீங்க, அதுக்கு வெட்டற காய்" என்றார். ஓணத்துக்குக் கேரளத்தில் வறுவலுக்கும் உப்பேரிக்கும் நேந்திரங்காய் மலைமலையாகத் தேவைப்படுகிறது. வருஷத்தில் நல்ல விலை கிடைக்கும் பருவம் அது ஒன்றுதான். அந்த ஒரு மாத விலையை நம்பிப் பதினோரு மாதம் தண்ணீர் கட்டுவதுதான் இந்தப் பக்கத்து வாழை விவசாயம்.

நாங்கள் தென்னந்தோப்பில் கூடாரத்தை விரித்துக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பச்சி ஒரு கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டு மூன்று விஷயங்கள் சொன்னார். எட்டு மணிக்கு மேல் தீ இருக்கக் கூடாது. இருட்டில் எங்கே போவதானாலும் முதலில் குரல் கொடுத்து அவரை எழுப்ப வேண்டும். மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்:

"கூடாரத்துக்குள்ளாற திங்கற சாமானம் ஒண்ணும் வெக்கப்படாது கண்ணு. உப்பாகட்டும், பழமாகட்டும், ஒரு துண்டு வெல்லமாகட்டும், எல்லாத்தையும் நம்ம ஊட்டுல குடுத்துப்போடுங்க. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிப்போடு."

மாப்பிள்ளை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

அன்றிரவு எங்களில் சமையல் அறிந்தவர் அரிசிம்பருப்பு ஆக்கினார். கொங்குநாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து ஒன்றாகவே வேகவைத்து, மேலே நெய் ஊற்றிச் சாப்பிடுவது. இருவரில் சமையல் அறிந்தவர் ஆண்மகன் என்பதையும், சைக்கிள் ரிப்பேர் அறிந்தவர் பெண்மணி என்பதையும் கண்டு அம்மிச்சிக்கு அடக்க முடியாத ஆச்சரியம். இரண்டு தடவை விளக்கெடுத்துக்கொண்டு வந்து பார்த்துப் போனார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஒரு பையன் சீட்டியடித்தான். சங்கீதம் பாதி மறந்துபோன பள்ளிக்கூடத்துப் பையன். ஒரு மெட்டை ஆரம்பிக்கிறான், நடுவில் வழி தவறுகிறான், கூச்சமில்லாமல் இன்னொன்றை ஆரம்பிக்கிறான். கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தால் பையன் யாருமில்லை. ஓடைக்கரைப் பாறையின் மேல் கருநீலமாக ஒரு பறவை. சீகாரப் பூங்குருவி என்று பெயர். அதற்குச் 'சீட்டியடிக்கும் பள்ளிப் பையன்' என்று வெள்ளைக்காரர்கள் செல்லப் பெயர் வைத்தார்களாம். மழைக்காலந்தான் அது கூடு கட்டும் காலம். அதனால்தான் இந்தச் சங்கீதம். எழுந்து வெளியே வந்தால் மலை அத்தனை அருகில் இருந்தது! முந்தின நாள் மாலையில் மேகத்துக்குள் மறைந்திருந்த வெள்ளியங்கிரி, இப்போது கழுவித் துடைத்த மாதிரி நின்றது. சரிவுகளில் வெள்ளி நூல்களாக நாலைந்து அருவிகள். அவற்றில் எது நொய்யல் என்று அப்பச்சியைக் கேட்டோம். "எல்லாந்தேன்" என்றார்.

சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சாடிவயலை நோக்கிப் புறப்பட்டோம். காலையில் காற்று இன்னும் எழவில்லை. சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்புகள். ஈரமண் வாசனை, எங்கேயோ சாணம் மெழுகிய வாசலின் வாசனை, வெங்காயப் பட்டறைகளின் காரம் கலந்த வாசனை. காரில் போனால் கண்ணாடிக்கு வெளியே போய்விடும் இந்த விஷயங்கள், சைக்கிளில் போனால் ஒவ்வொன்றாக வந்து விசாரித்துவிட்டுப் போகின்றன. மயில்கள் சாலையைக் கடந்தன. மயிலைக் கண்டு நாங்கள் பரவசப்பட்டு நின்றபோது, வயலில் விதைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அதே மயிலை மண்ணாங்கட்டியால் அடித்து விரட்டினார். விதைக்கிறவருக்கும் வேடிக்கை பார்க்கிறவருக்கும் மயில் ஒன்றல்ல என்று அப்போது சிரித்துக்கொண்டோம். மறுநாள் அந்தச் சிரிப்பு எங்களுக்கு நினைவு வந்தது.

சாடிவயல் சோதனைச் சாவடியோடு எங்கள் சைக்கிள் ராஜ்யம் முடிந்தது. அதற்கு மேலே கோவைக் குற்றாலம் அருவிக்கு வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். அன்று வெள்ளம் மிகுந்ததனால் அதுவும் இல்லை. காவலர் ஓர் இளைஞர். நாங்கள் ஏமாற்றத்தோடு நின்றதைப் பார்த்து, "இந்தப் பக்கத்து ஓடையில் கால் நனைச்சுட்டுப் போங்க. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல இந்த ரோட்டில இருக்காதீங்க" என்றார். காரணம் கேட்கவில்லை, சாலையில் கிடந்த பெரிய பெரிய சாண உருண்டைகள் காரணத்தைச் சொல்லிவிட்டன.

ஓடையில் இறங்கினோம். நாங்கள் வந்ததே இதற்காகத்தான். முழங்கால் ஆழத் தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். மீன்குஞ்சுகள் வந்து பாதத்தைக் கடித்தன. கரையில் நாவல் மரம், தண்ணீரில் விழுந்த நாவற்பழம், அதன் ஊதா நிறம் கொஞ்ச தூரம் கரைந்து ஓடி மறைகிற அழகு! தலைக்கு மேலே நீர்மருத மரத்தில், பூனைக்கு மேல் பருமனான மலை அணில் ஒன்று நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களைக் கண்டித்துக் கத்தியது. எங்களில் ஒருவர் இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். எந்த வாசனையும் இல்லை. ஆத்துப்பாலத்தின் கீழே நிற்பதும் இதே தண்ணீர்தான் என்று சொன்னால் எவர் நம்புவார்?

கோவையில் குடிதண்ணீர்ப் பஞ்சம் ஒரு காலத்தில் பிரசித்தமானது. 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போனவரும், பத்திரிகையாசிரியரும், பெரிய யாத்திரிகருமான சே. ப. நரசிம்மலு நாயுடு, இந்த மலைகளில் ஏறித் திரிந்து, சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று எழுதியும் பேசியும் வந்தார். அவர் சொல்லிச் சுமார் நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1930-ஐ ஒட்டி, அந்தத் தண்ணீர் ஊருக்கு வந்தது. 1973-ல் கேரளத்துடன் ஒப்பந்தமாகி, 1984-ல் மலைக்கு அப்பால் பெரிய அணையும் எழுந்தது. சிறுவாணியின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்கள் வெளியூரில் பெருமையடித்துக்கொள்வார்கள், நாங்களும் அடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சிறுவாணி நம் நதியல்ல; அது பவானியில் கலக்கிற நதி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடித்துவிட்டு, மலைக்கு இந்தப் பக்கத்து நதியில் சாக்கடையை விடுகிறோம். இதைப் பற்றி ஓடைக்குள் நின்றுகொண்டே கால்மணி நேரம் விவாதித்தோம். இருவரும் ஒரே கட்சி என்பதால் விவாதம் சூடு பிடிக்கவில்லை.

மத்தியானம் அம்மிச்சி கட்டிக்கொடுத்த கம்மஞ்சோற்றையும் மோரையும் முடித்துவிட்டுக் கிழக்கே திரும்பினோம். இப்போது காற்று எழுந்திருந்தது. முதுகில் கை வைத்து அதுவே தள்ளிக்கொண்டு போயிற்று. பெடலை மிதிக்காமலே ஆலாந்துறைக்கு வந்துவிட்ட மாதிரி தோன்றியது. உற்சாக மிகுதியால், அதற்கும் கிழக்கே இருக்கும் சித்திரைச்சாவடி அணைக்கட்டையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இன்றைக்கும் எங்கள் அபிப்பிராயம், அது பார்க்கத் தகுந்த இடம் என்பதே. அதைப் பார்த்திராவிட்டால் பின்னால் நடந்ததும் நடந்திராது என்பது வேறு விஷயம்.

அணைக்கட்டு என்றவுடன் மேட்டூரை நினைக்க வேண்டாம். ஆற்றின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு கல்வரம்பு, அவ்வளவுதான். ஆற்றை அது நிறுத்துவதில்லை. கொஞ்சம் தயங்கச் செய்கிறது. தயங்கிய தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் திரும்புகிறது. மிகுந்தது வரம்பின் மேல் வழிந்து ஆற்றோடு போகிறது. வாய்க்காலில் போன தண்ணீர் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒவ்வொன்றாக நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்த குளத்துக்கு. இவ்விதம் நொய்யலில் ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கட்டுகள். கோவையைச் சுற்றி அவற்றால் நிரம்பும் குளங்கள். கொங்குச் சோழர் காலத்து வேலை என்று சொல்கிறார்கள். மழை குறைந்த ஊரில், நாலு மாதத்து ஆற்றைப் பன்னிரண்டு மாதத்துக் கிணற்று நீராக்கியது இந்தக் கல்வரம்புகள்தாம். குளம் நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகள் ஊறும். கிணறு ஊறினால் தோட்டம் பிழைக்கும். வரம்பின் மேல் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் மணி நாலரை ஆனது தெரியவில்லை.

ஆலாந்துறைக் கடைவீதிக்கு வந்தபோது அங்கே பலாப்பழம் விற்றார்கள். ஆனி மாதத்துப் பலா. வீதி முழுவதும் மணத்தது. சிறியதாக ஒன்று வாங்கிக் கேரியரில் கட்டினோம். அப்பச்சி வீட்டில் கொடுத்துவிடலாம் என்பதே எண்ணம். இதை நாங்கள் இப்போது சத்தியம் செய்து சொல்லத் தயார்.

அங்கிருந்து மேற்கே திரும்பியவுடன் காலையில் கண்ட சாலை காணாமற் போயிற்று. அதே சாலைதான், ஆனால் காற்று எதிரே நின்றது. ஒரு மேட்டில் அழுத்தி மிதித்ததில் ஒரு சைக்கிளின் செயின் அறுந்தது. ரிப்பேர் அறிந்தவர் சாலையோரத்தில் உட்கார்ந்து கைகளைக் கறுப்பாக்கிக்கொண்டு கண்ணியைக் கோத்து முடித்தபோது மணி ஆறரை. சமையல் அறிந்தவர் அவ்வளவு நேரமும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, உபயோகமில்லாத யோசனைகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் சும்மா நிற்பதைக் கண்டோம். ஒரு பஸ்ஸும் விளக்கை அணைத்துவிட்டு நின்றது. டிவிஎஸ் வண்டியில் பால் கேன்கள் கட்டியிருந்த ஒருவர் எங்களைக் கைகாட்டி நிறுத்தினார்.

"லைட்டை அணைச்சுப்போடுங்க. பெருசு நிக்குது."

இருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, நாங்கள் புளியமரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது காதை ஆட்டியது. சாலையின் ஓரத்தில், ஐம்பது அறுபது அடி தூரத்தில், ஒற்றையாக ஓர் ஆண் யானை. தந்தங்கள் மட்டும் மங்கலாக வெளுத்துத் தெரிந்தன. எவரும் கூச்சலிடவில்லை, கல்லெடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை. கோயில் நடை சாத்தியிருக்கும்போது காத்து நிற்பவர்களைப் போல நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் நிற்கும்?" என்று மெதுவாகக் கேட்டோம்.

"அதுக்கென்னங்க அவசரம்? நமக்குத்தேன் சொசைட்டிக்கு நேரமாச்சு" என்றார் பால்காரர்.

இந்த மலையடிவாரம் நெடுகிலும், சத்தியமங்கலத்திலிருந்து மேட்டுப்பாளையம், தடாகம், போளுவாம்பட்டி வழியாக வாளையாறு வரையில், யானைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழி. அந்த வழியில் இப்போது தோட்டமும் சாலையும் வேலியும் கட்டடமும். வாளையாற்றை ஒட்டிய ரயில் பாதையில் யானைகள் அடிபட்டு மாண்டது பல தடவை. அதனால் 2024-ல் மதுக்கரைப் பக்கம் யானை தண்டவாளத்தை நெருங்கினால் தானே கண்டறிந்து எச்சரிக்கும் காமிராக் கோபுரங்கள் வைத்தார்கள். எங்கள் சாலையில் கோபுரம் இல்லை; பால்காரர் இருந்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு யானை தானாகவே வாழைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக இறங்கி மறைந்தது. அது போன திசை, எங்கள் தோப்பு இருந்த திசை.

வாசலிலேயே அம்மிச்சி நின்றுகொண்டிருந்தார். "ஏஞ்சாமி, இத்தனை நேரமா? இன்னிக்குக் கூடாரம் வேண்டாம். உள்ளாற வந்து படுங்க" என்றார். சைக்கிள்களிலிருந்த மூட்டைகளை அவசர அவசரமாகக் கூடாரத்துக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடினோம். கை கால் கழுவி, கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, யானையைக் கண்ட கதையை இரண்டு தடவை சொல்லி முடித்துப் பாயில் படுத்தோம். மணி பத்து இருக்கும். எங்களில் ஒருவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, பலாப்பழம்?"

மற்றவர் பதில் சொல்லவில்லை. அவருக்கு அரைமணி நேரத்துக்கு முன்பே நினைவு வந்திருந்தது.

அதன்பின் இருட்டில் நாங்கள் பேசிக்கொண்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. போய் எடுத்துவரப் பயம். அப்பச்சியை எழுப்பிச் சொல்ல வெட்கம். இரண்டு தடவை சொன்ன பேச்சை மறந்தோம் என்று எப்படிச் சொல்வது? "ஒரு சின்னப் பழந்தானே", "கூடாரம் மூடித்தானே இருக்கிறது", "யானை இந்நேரம் மலைக்குப் போயிருக்கும்". இப்படி ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு, இருவருமே நம்பாமல் படுத்துக்கொண்டோம். ஆப்பிரிக்க யானைக்கு மோப்பத்துக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 2,000 உண்டு, நாய்க்கு இருப்பதைப் போல் இரு மடங்கு, என்று 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. நம் நாட்டு யானையின் மூக்கும் லேசானதல்ல. பழுத்த பலாவின் மணத்தை அறிய மூக்கைக் கொண்டுபோய் வைக்க வேண்டுமா?

ஒரு மணி சுமாருக்கு நாய் குரைத்தது, சட்டென்று அடங்கிவிட்டது. நாய் குரைப்பதைவிட அது அடங்கியதுதான் எங்களை எழுப்பியது. வாழைத்தண்டு முறிகிற சத்தம் கேட்டது. ஈரமாக, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. அப்பால் துணி கிழிகிற நீண்ட சத்தம். அப்பச்சி மொட்டை மாடியில் டார்ச்சோடு நின்றார். நாங்களும் ஏறிப்போய் அவர் பக்கத்தில் நின்றோம். வெளிச்சத்தின் முனையில் கரிய முதுகு ஒன்று தென்னைகளுக்கு நடுவே அசைந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தகரம் தட்டினார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்று முடித்து, வந்த வழியே போயிற்று.

"கூடாரத்துக்குள்ளே என்ன இருந்துச்சு கண்ணு?" என்று அப்பச்சி கேட்டார். கோபமில்லாமல் கேட்டார். சொன்னோம். பத்து மணிக்கே நினைவு வந்ததையும் சொன்னோம். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"சொல்லியிருந்தா நாம் போயி எடுத்தாந்திருப்பனில்ல."

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். பலாப்பழம் இருந்ததற்கு அடையாளமே இல்லை; கொட்டைகூட மிச்சமில்லை. கூடாரம் நடுவில் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. முந்தின இரவு நாங்கள் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தில் ஒரு பாதத்தின் சுவடு, முறத்தளவு அகலத்தில், அதில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆனால் எங்களால் பார்க்க முடியாதது அதுவல்ல. தோப்புக்கு வரும் வழியில் ஒன்பது வாழைகள் சாய்ந்து கிடந்தன. ஒன்பதும் தார் விட்டவை. ஓணத்துக்கு வெட்ட வேண்டியவை.

பணத்தை எடுத்தோம். அப்பச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யானை அழித்த பயிருக்கு அரசாங்கத்தில் இழப்பீடு உண்டே, எழுதிக் கொடுக்கலாமே என்றோம். "ஒம்போது வாழைக்கா?" என்று சிரித்தார். எங்களுக்குக் கணக்கு விளங்கும்படி சொன்னவர் அம்மிச்சிதான். தை மாதத்துக்குப் பிறகு அந்த யானை இந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லையாம். பக்கத்துப் பள்ளத்தின் வழியே வரும், போகும். இப்போது இங்கே ருசி கண்டுவிட்டது. "இனி அது ஓணம் வரைக்கும் எட்டிப் பாக்குமுங்க. இவரு ஓணம் வரைக்கும் தூங்கமாட்டாரு." இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

ஒன்பது வாழைக்கு விலை போட்டுவிடலாம். எழுபத்தைந்து வயதுக்காரருடைய ஐம்பது இரவுத் தூக்கத்துக்கு என்ன விலை போடுவது?

ஊருக்குத் திரும்பும்போது காற்று முதுகில் வீசிற்று. பேரூர் வரையில் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆத்துப்பாலத்தில் மட்டும் சைக்கிளை நிறுத்தி இறங்கினோம். வழக்கம்போல் கை மூக்குக்குப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை மறுபடி புறப்பட்டோம். எதிர்வீட்டுக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. காற்றை எதிர்த்து, நாலு இடத்தில் இறங்கித் தள்ளி, பொழுது இருக்கும்போதே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தின்பண்டம் ஏதும் கொண்டுபோகவில்லை. அப்பச்சியிடமிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு, "இன்றைக்கு நீங்கள் படுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்றோம். அவர் முதலில் ஒப்பவில்லை. அம்மிச்சி ஒப்பவைத்தார். மொட்டை மாடியில் ஆளுக்கு ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு மணிக்கு ஒருவரும், அப்புறம் மற்றவரும் கண் விழிப்பது என்ற ஏற்பாடு. காற்றின் ஊளையில் இருவருமே தூங்கவில்லை. ஆடி முழுவதும் சனிக்கிழமைதோறும் இப்படியே போனோம். மூன்றாவது சனிக்கிழமை அது வந்தது. பள்ளத்தின் கரையில் நின்றது. துதிக்கையை உயர்த்தி இந்தப் பக்கத்துக் காற்றை வெகு நேரம் முகர்ந்தது. அப்புறம் பள்ளத்தோடு இறங்கிப் போய்விட்டது. கீழே அப்பச்சியின் குறட்டைச் சத்தம் நின்றபாடில்லை.

ஆவணியில் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு தார்கள் லாரி ஏறின. கிழிந்த கூடாரத்தை நாங்கள் திருப்பி எடுத்துவரவில்லை. நீர் ஒழுகாத துணி என்று அம்மிச்சிக்கு அதன்மேல் ஆசை. இப்போது அது வெங்காயப் பட்டறைக்கு மேலே, சாரல் அடிக்கிற மேற்குப் பக்கத்தில், தென்னங்கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது.